கடையில் இல்லாத டிரக்கை மேஜையில் கொண்டு வருவது எப்படி? பிக்கப் மாடல் கிட்களுக்கு சொந்தமாக பாகங்கள் செய்யும் கலை

அப்பா 20 வருஷம் ஓட்டிய பிக்கப் டிரக். வண்டி எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. வீட்டில் மிச்சம் இருப்பது ஒரு பழைய போட்டோ மட்டும்தான். அந்த வண்டியை கைக்கு அடக்கமாக செய்து மேஜை மேல் வைக்க மகனுக்கு ஆசை. ஹாபி கடைக்குப் போனால், அதே கம்பெனி, அதே வருஷத்து டிரக், பிளாஸ்டிக் கிட்டாக பெட்டியில் இருக்கிறது. ஆனால் அப்பாவின் வண்டிக்குப் பின்னால் நீளமான சரக்குத் தொட்டி. பெட்டியில் இருப்பதோ குட்டைத் தொட்டி!

அமெரிக்காவில் மாடல் டிரக் செய்யும் பலர் சந்திக்கும் சிக்கல் இதுதான். ஒன்று, ஆசையை விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் கிட்டை வெட்டி, இல்லாத பாகத்தை நாமே செய்து, வேண்டிய வண்டியாக மாற்ற வேண்டும். இந்த இரண்டாவது வழிக்குப் பெயர்தான் 'கன்வர்ஷன்'. அதை எப்படி செய்கிறார்கள்? என்னென்ன தேவை? எங்கே கவனம் வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

எல்லா டிரக்கும் ஏன் கிட்டாக வருவதில்லை?

அமெரிக்க கார், டிரக் மாடல் கிட்கள் பெரும்பாலும் 1/25 அல்லது 1/24 அளவில் வருகின்றன. 1/25 என்றால், உண்மை வண்டியில் 25 மி.மீ. இருப்பது மாடலில் 1 மி.மீ. இந்தத் துறையின் பழைய பெயர்களில் ஒன்று ஏஎம்டி. மிச்சிகன் மாநிலத்தில் 1948-ல் தொடங்கிய இந்த நிறுவனம், முதலில் கார் டீலர்களுக்கு விளம்பர மாடல்களை செய்து கொடுத்தது. 1958-ல் '3 இன் 1' கிட்களை விற்பனைக்கு கொண்டு வந்தது. ஒரே பெட்டியில் இருக்கும் பாகங்களை வைத்து ஷோரூம் வண்டியாகவோ, அலங்கார வண்டியாகவோ, ரேஸ் வண்டியாகவோ செய்யலாம். கிட்டை விருப்பப்படி மாற்றும் பழக்கத்துக்கு பெட்டியே வழி காட்டியது என்று சொல்லலாம்.

ஆனால் பிக்கப் டிரக் என்பது ஒரே வண்டி கிடையாது. குட்டைத் தொட்டி, நீளத் தொட்டி என இரண்டு வகை. பக்கவாட்டுத் தகடு நேராக இருக்கும் தொட்டி, சக்கரத்தின் மட்கார்டு வெளியே துருத்திக்கொண்டு படியோடு வரும் தொட்டி என இன்னும் இரண்டு வகை. கேபினிலும் இதே கதைதான். 1973-ல் டாட்ஜ் நிறுவனம் 'கிளப் கேப்' என்ற நீட்டிய கேபினைக் கொண்டு வந்தது. 1974-ல் ஃபோர்டு 'சூப்பர் கேப்' வந்தது. நான்கு கதவு கேபின், பின்னால் நான்கு சக்கரம் கொண்ட 'டூயலி', ஃபோர் வீல் டிரைவ் என்று பட்டியல் நீள்கிறது.

கிட் தயாரிக்க உலோகத்தில் அச்சு வெட்ட வேண்டும். உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தில் அதற்குள் செலுத்துவார்கள். அச்சு வெட்டுவது பெரிய முதலீடு. அதனால் அதிகம் விற்கும் என்று நினைக்கும் ஒன்றிரண்டு வகைகளுக்கு மட்டுமே அச்சு தயாராகும். மற்ற வகைகள் வேண்டும் என்றால் ரசிகர்களே செய்துகொள்ள வேண்டியதுதான்.

முதல் வேலை ரம்பம் இல்லை... ஸ்கேல்!

கன்வர்ஷன் கெட்டுப்போக முக்கியக் காரணம், அளக்காமல் வெட்டுவது. ஒரு உதாரணம் பார்ப்போம்.

1967 முதல் 1972 வரை வந்த செவ்ரோலெட் சி-10 பிக்கப், அமெரிக்காவில் இன்றும் ரசிகர்கள் விரும்பும் வண்டி. இதில் குட்டைத் தொட்டி வண்டியின் வீல்பேஸ், அதாவது முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரையான நீளம், 115 அங்குலம். நீளத் தொட்டி வண்டிக்கு 127 அங்குலம். வித்தியாசம் 12 அங்குலம், சரியாக ஒரு அடி. 1/25 அளவில் இது 12.2 மி.மீ.

அப்படியானால் தொட்டியில் 12.2 மி.மீ. ஒட்டு போட்டால் வேலை முடிந்ததா? அதுதான் இல்லை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். குட்டைத் தொட்டி சுமார் ஆறரை அடி, நீளத் தொட்டி சுமார் 8 அடி. தொட்டி ஒன்றரை அடிக்கு மேல் நீள்கிறது, வீல்பேஸ் ஒரு அடிதான் நீள்கிறது. மீதி நீளம் பின் சக்கரத்துக்குப் பின்னால் போகிறது. அதனால் சக்கர வளைவுக்கு முன்னால் ஒரு வெட்டு, பின்னால் ஒரு வெட்டு என இரண்டு இடத்தில் நீட்ட வேண்டும். ஒரே இடத்தில் நீட்டினால், நீளம் சரியாக இருந்தாலும் சக்கரம் தப்பான இடத்தில் நிற்கும். அந்த வண்டியைத் தெரிந்தவர்களுக்குப் பார்த்ததும் ஏதோ உறுத்தும்.

சரி, உண்மை வண்டியே இல்லை, போட்டோதான் இருக்கிறது என்றால்? அதற்கும் ஒரு எளிய வழி உண்டு. பக்கவாட்டில் நேராக, கொஞ்சம் தள்ளி நின்று எடுத்த போட்டோவாக இருக்க வேண்டும். அதில் வீல்பேஸ் 127 மி.மீ. வரும்படி பிரின்ட் எடுத்தால், படத்தில் 1 மி.மீ. என்பது வண்டியில் 1 அங்குலம். பிறகு கதவு அகலம், தொட்டியின் உயரம், ஜன்னல் என எல்லாவற்றையும் ஸ்கேல் வைத்தே அளந்துவிடலாம். சாய்வாக எடுத்த போட்டோ இதற்கு உதவாது. பக்கத்தில் இருப்பது பெரிதாகவும் தூரத்தில் இருப்பது சிறிதாகவும் தெரியும் என்பதால் கணக்கு தப்பிவிடும்.

1/24-ம் 1/25-ம் ஒன்றுதானே?

கேட்க சின்ன வித்தியாசம்தான். ஆனால் 115 அங்குல வீல்பேஸ் 1/25-ல் 116.8 மி.மீ. வரும். 1/24-ல் 121.7 மி.மீ. கிட்டத்தட்ட 5 மி.மீ. இடிக்கும். ஒரு கிட்டின் கேபினை எடுத்து இன்னொரு கிட்டின் அடிச்சட்டத்தில் வைப்பவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் எதுவும் எதிலும் பொருந்தாது. சக்கரம், டயர், இன்ஜின் போன்ற பாகங்களில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கேபின், கதவு, தொட்டி என்றால் ஒரே அளவு கிட்களை மட்டுமே கலக்க வேண்டும். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அளவை நம்புவதைவிட, வாங்கியதும் வெர்னியர் காலிபர் வைத்து வீல்பேஸை ஒரு முறை அளந்து பார்ப்பது நல்லது.

வழி 1: வெட்டி ஒட்டுவது

நம் ஊர் ஒர்க் ஷாப்களில் டிங்கரிங் வேலை பார்த்திருப்பீர்கள். தகட்டை வெட்டி, ஒட்டு போட்டு, பட்டி பார்த்து, தேய்த்து, பெயின்ட் அடிப்பார்கள். மாடலிலும் அதே வரிசைதான். வெல்டிங்குக்குப் பதில் பசை, அவ்வளவுதான்.

* வெட்டும் இடம் தட்டையாக இருக்க வேண்டும். கதவு இடுக்கு, பெயர்ப் பட்டை, வளைவு ஆகியவற்றின் மேல் வெட்டு விழக் கூடாது.
* வெட்டும் கோட்டில் கெட்டியான டேப் ஒட்டி, அதன் ஓரமாக மெல்லிய ரம்பத்தை ஓட்டுவார்கள். ரம்பம் தின்னும் தடிமனையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.
* நீட்டும் துண்டை தட்டையான ஷீட்டில் செய்யலாம். ஆனால் பக்கவாட்டுத் தகட்டில் மடிப்பும் வளைவும் இருந்தால் அது ஒத்துப்போகாது. அதனால் பலர் ஒரே கிட்டை இரண்டு வாங்கி, இரண்டையும் வெவ்வேறு இடத்தில் வெட்டி, நீளமான துண்டுகளை இணைக்கிறார்கள். செலவு கூடும், வேலை பாதியாகக் குறையும்.
* ஒட்டின் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை வைத்து ஒட்ட வேண்டும். வெறும் ஓரத்தோடு ஓரம் ஒட்டினால், தேய்க்கும்போதே விட்டுப்போகும்.

கிட்களில் பயன்படுவது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். அதற்கான திரவ சிமென்ட் சாதாரண பசை போல நடுவில் நின்று ஒட்டுவதில்லை. பிளாஸ்டிக்கையே கொஞ்சம் கரைத்து, இரண்டு துண்டையும் ஒன்றாக்குகிறது. அதிகமாகத் தடவினால் தகடு இளகி குழி விழும். ஒட்டியதும் அவசரப்பட்டு தேய்க்கக் கூடாது. ஒரு நாள் விட்டு தேய்த்தால், பிறகு ஒட்டு உள்வாங்கி கோடு தெரியும் தொல்லை குறையும்.

மேல் பகுதி நீண்டால் அடியும் நீள வேண்டும். அடிச்சட்டம், சக்கரத்துக்கு சுழற்சியைக் கொண்டு போகும் ஷாஃப்ட், சைலன்சர் குழாய் எல்லாவற்றையும் அதே அளவுக்கு நீட்ட வேண்டும். சட்டத்தை கண்ணாடித் தட்டின் மேல் வைத்து ஒட்டுவது வழக்கம். கொஞ்சம் முறுக்கிக்கொண்டாலும், முடிந்த வண்டியில் மூன்று சக்கரம் தரையிலும் ஒன்று காற்றிலும் நிற்கும்.

வழி 2: ஷீட்டிலிருந்து புதிதாகச் செய்வது

கிட்டில் இல்லவே இல்லாத பாகங்களை வெறும் பிளாஸ்டிக் ஷீட்டில் செய்வது 'ஸ்கிராட்ச் பில்டு'. அமெரிக்காவின் எவர்கிரீன் போன்ற நிறுவனங்கள் 0.25 மி.மீ., 0.5 மி.மீ., 1 மி.மீ. எனப் பல தடிமனில் ஷீட்களையும், பட்டை, குழாய், கம்பி வடிவங்களையும் விற்கின்றன. டூல் பாக்ஸ், தொட்டி மூடி, டெயில்கேட், தொட்டித் தரையின் வரிகள் போன்ற நேர்கோட்டு பாகங்களுக்கு இதுவே போதும்.

இங்கே கவனிக்க வேண்டியது தடிமன். 1 மி.மீ. பிளாஸ்டிக் என்பது 1/25 அளவில் ஒரு அங்குலத் தகட்டுக்கு சமம்! உண்மை வண்டியின் தகடு அவ்வளவு தடியாக இருக்காது. மொத்தத்தையும் மெல்லியதாகச் செய்தால் உடைந்துவிடும். அதனால் வெளியே தெரியும் ஓரத்தை மட்டும் உட்புறமாகச் சாய்த்து தேய்ப்பார்கள். கண்ணுக்கு மெல்லிய தகடாகத் தெரியும், உள்ளே பலம் அப்படியே இருக்கும்.

வழி 3: ஒன்று செய்து பல எடுப்பது

டூயலி வண்டிக்கு ஒரே மாதிரி சக்கரங்கள் பல வேண்டும். ஒவ்வொன்றையும் கையால் செய்தால் ஒன்று போல இன்னொன்று வராது. அதற்குத்தான் சிலிகான் ரப்பர் அச்சும், ரெசின் வார்ப்பும்.

1. முதலில் ஒரு 'மாஸ்டர்' பாகத்தை குறையில்லாமல் செய்ய வேண்டும். பிரைமர் அடித்துப் பார்த்தால் கீறல் தெரியும். சிலிகான் கைரேகையைக்கூட விடாமல் பதிவு செய்யும் என்பதால், மாஸ்டரில் இருக்கும் குறை எல்லா பிரதியிலும் வரும்.
2. சின்னப் பெட்டி கட்டி, மாஸ்டரின் பாதியை மாடலிங் களிமண்ணில் புதைக்க வேண்டும். லெகோ கட்டைகளை வைத்தே பெட்டி கட்டுபவர்கள் உண்டு. களிமண்ணில் அங்கங்கே குழி போட்டால், பிறகு அச்சின் இரண்டு பாதியும் நகராமல் பொருந்தும்.
3. சிலிகானை ஒரு மூலையிலிருந்து நூல் போல ஊற்ற வேண்டும். காற்றுக் குமிழி சிக்காமல் இருக்க இதுதான் வழி.
4. இறுகியதும் திருப்பி, களிமண்ணை எடுத்துவிட்டு, ஒட்டாமல் இருக்க ரிலீஸ் ஏஜென்ட் தடவி, அடுத்த பாதியை ஊற்ற வேண்டும். தடவ மறந்தால் போச்சு. இரண்டு பாதியும் ஒரே கட்டியாக மாறி, மாஸ்டர் உள்ளே மாட்டிக்கொள்ளும்.
5. ரெசின் ஊற்ற ஒரு வழியும், காற்று வெளியேற வழிகளும் வெட்டி, இரண்டு பாதியையும் சேர்த்துக் கட்டி வார்க்கலாம்.

சிலிகானில் பிளாட்டினம் வகை, டின் வகை என இரண்டு உண்டு. பிளாட்டினம் வகைக்கு கந்தகம் ஆகாது. கந்தகம் கலந்த களிமண்ணோ, லேடெக்ஸ் கையுறையோ பட்டால், அந்த இடம் இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும். கந்தகம் இல்லாத களிமண் என்று பார்த்து வாங்க வேண்டும்.

வார்ப்புக்கு பாலியூரிதேன் ரெசின் அதிகம் பயன்படுகிறது. இரண்டு பாட்டில் திரவத்தைக் கலந்ததும் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். உதாரணமாக, ஸ்மூத்-ஆன் நிறுவனத்தின் ஸ்மூத்-காஸ்ட் 300 ரெசினை கலந்து ஊற்றக் கிடைப்பது சுமார் 3 நிமிடம். சுமார் 10 நிமிடத்தில் அச்சிலிருந்து எடுத்துவிடலாம். ஈரம் இதற்கு எதிரி. காற்றில் உள்ள ஈரம் சேர்ந்தால் வாயு உண்டாகி, பாகம் பிரெட் போல ஓட்டை ஓட்டையாக வரும். அதனால் பாட்டிலை உடனுக்குடன் மூடி வைக்க வேண்டும்.

ரெசின் பாகத்தை பிளாஸ்டிக் சிமென்ட் ஒட்டாது. சூப்பர் குளூ அல்லது எபாக்ஸி வேண்டும்.

வழி 4: 3டி பிரின்டர்

இப்போது பலர் மாஸ்டரையே கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். டிங்கர்கேட், ஃப்யூஷன், பிளெண்டர் போன்ற மென்பொருள்களில் உண்மை அளவிலேயே பாகத்தை வரைந்து, பிரின்ட் எடுக்கும்போது 4 சதவீதம் என்று கொடுத்தால் 1/25 அளவு வந்துவிடும். 1/24 வேண்டும் என்றால் 4.167 சதவீதம். ஒரே டிசைன் இரண்டு அளவுக்கும் ஆகும்.

பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் பிரின்டரில் படிக்கட்டு போல வரிகள் தெரியும். திரவ ரெசினை ஒளியால் இறுக்கும் பிரின்டரில் ஒரு அடுக்கு 0.05 மி.மீ. அளவுக்கு மெல்லியதாக வரும். கிரில், சக்கரம், இன்ஜின் பாகங்களுக்கு இரண்டாவது வகையையே தேர்வு செய்கிறார்கள்.

ஆனால் எதையும் அப்படியே சுருக்கிவிட முடியாது. வண்டியில் 2 மி.மீ. இருக்கும் கம்பி, 1/25-ல் 0.08 மி.மீ. ஆகிவிடும். பிரின்டரில் வந்தாலும் கை பட்டால் உடையும். அதனால் சில இடங்களைத் தெரிந்தே தடிமனாக வரைய வேண்டும். தாங்கு கம்பிகள் ஒட்டும் பக்கம் வெளியே தெரியாதபடி பாகத்தைத் திருப்பி வைப்பதும் முக்கியம்.

கண்ணாடி, குரோம், எழுத்து?

நீட்டிய கேபினுக்கு ஜன்னல் கண்ணாடி கிட்டில் இருக்காது. தட்டையான ஜன்னல் என்றால் தெளிந்த பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டிப் பொருத்தலாம். வளைந்த கண்ணாடிக்கு, ஷீட்டை சூடாக்கி அச்சின் மேல் வைத்து காற்றை உறிஞ்சி படிய வைக்கும் 'வேக்கம் ஃபார்மிங்' தேவை. மேட்டல் நிறுவனம் 1960-களில் விற்ற வேக்-யூ-ஃபார்ம் என்ற குழந்தைகள் விளையாட்டு சாதனம் இதே முறையில் இயங்கியது.

குரோம் பட்டைகளுக்கு, ஒட்டும் தன்மையுள்ள மெல்லிய உலோகத் தாள் கிடைக்கிறது. எழுத்துகளுக்கு நீரில் நனைத்து ஒட்டும் டெகால் தாள் உண்டு. சாதாரண இங்க்ஜெட் பிரின்டர் வெள்ளை நிறத்தை அச்சிடாது. வெள்ளை எழுத்து வேண்டும் என்றால், வெள்ளை டெகால் தாளில் சுற்றியுள்ள நிறத்தை அச்சிட்டு எழுத்தை விட்டுவிடுவார்கள்.

இதில் ஆபத்து உண்டா?

உண்டு. வீட்டு மேஜையில் நடக்கும் வேலை என்பதால் பலர் இதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள்.

பாலியூரிதேன் ரெசினின் ஒரு பாகத்தில் ஐசோசயனேட் இருக்கிறது. இதன் ஆவி சிலருக்கு ஆஸ்துமாவைத் தூண்டும். ஒரு முறை உடல் இதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகக் குறைந்த அளவு பட்டாலும் மூச்சுத்திணறல் வரலாம். காற்றோட்டம் கட்டாயம். பாட்டிலோடு வரும் பாதுகாப்புக் குறிப்பில் சொல்லியுள்ள முகக்கவசத்தை அணிய வேண்டும். சாதாரண துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது.

3டி பிரின்டரின் திரவ ரெசின் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம். நைட்ரைல் கையுறை வேண்டும். பாகத்தைக் கழுவப் பயன்படும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும். கழுவிய திரவத்தை வாஷ் பேசினில் ஊற்றக் கூடாது.

தேய்க்கும்போது உப்புத்தாளை தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. வாட்டர் பேப்பர் என்று கடையில் கேட்டாலே கிடைக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில், சமையலறையில், படுக்கை அறையில் இந்த வேலையே வேண்டாம்.

இன்னொருவர் செய்த பாகத்தை நகல் எடுக்கலாமா?

இந்தப் பொழுதுபோக்கில் அதிகம் சண்டை வரும் இடம் இதுதான். ஒருவர் மாதக்கணக்கில் உழைத்து ஒரு நீட்டிய கேபின் மாஸ்டரை செய்து, பிரதி எடுத்து விற்பார். இன்னொருவர் அதில் ஒன்றை வாங்கி, அதையே மாஸ்டராக வைத்து அச்சு எடுத்து, குறைந்த விலைக்கு விற்றுவிடுவார். இதற்கு 'ரீகாஸ்டிங்' என்று பெயர்.

நஷ்டம் முதல் ஆளுக்கு மட்டும் இல்லை. ரெசின் இறுகும்போது சிறிதளவு சுருங்கும். நகலின் நகல் இன்னும் சுருங்கும், விவரங்களும் மழுங்கும். வாங்கியவருக்கு கேபின் சட்டத்தில் பொருந்தாது. அதைவிட, உழைத்தவர் வெறுத்துப்போய் புதிய பாகம் செய்வதையே நிறுத்திவிட்டால், பெரிய கம்பெனிகள் அச்சு போடாத அந்த வண்டி மறுபடியும் யாருக்கும் கிடைக்காது.

வாகன நிறுவனங்களின் பெயரும் சின்னமும் அவர்களுக்கு உரியவை. கிட் நிறுவனங்கள் உரிமம் வாங்கித்தான் அச்சிடுகின்றன. சொந்த மேஜைக்கு ஒன்று செய்வதும், சின்னத்தோடு செய்து விற்பதும் ஒன்றல்ல. விற்பனையில் இறங்குபவர்கள் சட்ட நிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. 3டி டிசைன் ஃபைல்களிலும், சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முதல் முறை செய்பவர் எங்கே தொடங்கலாம்?

எடுத்ததும் கேபினை வெட்டக் கூடாது. முதலில் கிட்டை வெட்டாமல் செய்யக்கூடிய ஒரு பாகம், உதாரணமாக தொட்டிக்குள் வைக்கும் டூல் பாக்ஸ். தப்பானால் நஷ்டம் ஒரு துண்டு ஷீட்தான். அடுத்தது டெயில்கேட். அதற்கு அடுத்து, பாதியில் கைவிட்ட அல்லது உடைந்த பழைய கிட்டின் தொட்டியை வெட்டி நீட்டிப் பழகலாம். கை பழகிய பிறகு நல்ல கிட்டில் ரம்பம் வைக்கலாம்.

ஒவ்வொரு கட்டத்திலும் ஒட்டுவதற்கு முன் பாகங்களை டேப் போட்டு சேர்த்து நிறுத்தி, பக்கவாட்டில் செல்போனில் ஒரு படம் எடுக்க வேண்டும். அதை அந்தப் பழைய போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கதவுக்கும் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம், தொட்டி பின்னால் நீளும் அளவு, வண்டி நிற்கும் உயரம் இந்த மூன்றும் ஒத்துப்போனால் ஒட்டலாம். ஒன்று இடித்தாலும் டேப்பைப் பிரித்து மறுபடி அளக்கலாம். சிமென்ட் காய்ந்த பிறகு அந்த வாய்ப்பு கிடையாது.